மனம் ஒன்றிய உழைப்பு

(கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



இருபத்தைந்து ஆண்டுகளாக நம் பிள்ளைகளின் கல்விக்கெனத் தொண்டாற்றிவரும் இக்கழகத்தின் வெள்ளி விழாவில், இளைஞர்களுக்குப் பயன்படும் ஒரு பொருளைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்துள்ளனர். நம் மேடைகளில் உரிமைகளைப் பற்றிப் பேசுகிறோம், இட ஒதுக்கீட்டைப் பற்றிப் பேசுகிறோம், வன்கொடுமைகளைக் கண்டிக்கிறோம். இவை யாவும் இன்றும் பேசப்பட வேண்டியவையே. ஆயினும், கல்லூரியில் இடம் பெற்றுவிட்ட நம் பிள்ளை, அவ்விடத்தில் அமர்ந்தபின் தன் பாடத்துக்குள் எவ்வாறு புகுகிறான், எவ்வளவு நேரம் அதில் நிலைக்கிறான் என்பதைப் பற்றி நாம் மிகக் குறைவாகவே பேசுகிறோம். இடத்தைச் சட்டம் பெற்றுத் தரும். அந்த இடத்தில் அமர்ந்து ஒரு நூலை முழு மனத்துடன் கற்பதை வேறு எவரும் நமக்காகச் செய்துவிட முடியாது. ஆகவே, மனம் ஒன்றிய உழைப்பையும் அதனால் விளையும் நிறைவையும் பற்றிச் சில கருத்துகளைக் கூற விழைகின்றேன்.

முதலில், மனம் ஒன்றுதல் என்பது யாது? கடினமான கணக்கு ஒன்றில் மூழ்கிய மாணவிக்கு வாயிற்புறத்து ஓசை கேட்பதில்லை. தறியில் அமர்ந்தவர்க்கு நண்பகல் கடந்தது தெரிவதில்லை. வேலை முடிந்து நிமிரும்பொழுது உடலில் களைப்பு இருக்கும். ஆனால் உள்ளத்தில் ஓர் அமைதியும் மகிழ்ச்சியும் இருக்கும். இது முனிவர்க்கு மட்டுமே வாய்க்கும் பெருநிலை என்று எண்ணற்க. எல்லா மனிதர்க்கும் இயல்பாக வாய்க்கக் கூடியதே என்று உளநூலார் கண்டிருக்கின்றனர்.

அமெரிக்காவில் பணியாற்றிய மிகாய் சிக்சென்ட்மிகாயி என்னும் உளநூல் அறிஞர் (1934-2021), சதுரங்கம் ஆடுவோர், பாறை ஏறுவோர், நடனம் ஆடுவோர், அறுவை மருத்துவர் எனப் பல திறத்தாரை அணுகி, அவர்கள் தம் வேலையில் முழுதும் ஆழ்ந்திருக்கும்பொழுது எத்தகைய உணர்வு பெறுகின்றனர் என்று கேட்டறிந்தார். அதன் முடிவுகளை 1975-இல் நூலாக வெளியிட்டார். தொழில்கள் வேறுபட்டபோதிலும் அவர்கள் கூறிய விடைகள் பெரிதும் ஒத்திருந்தன. அந்நிலையை அவர் ஆற்றின் ஒழுக்குக்கு ஒப்பிட்டுப் பெயரிட்டார். அது வாய்ப்பதற்கு மூன்று நிபந்தனைகள் துணைசெய்கின்றன. செய்ய வேண்டியது இன்னது என்பது தெளிவாக இருத்தல் வேண்டும். செய்தது சரியா, தவறா என்பது உடனுக்குடன் தெரிதல் வேண்டும். வேலையின் கடுமை, செய்பவரின் திறமைக்கு ஏற்ற அளவில் இருத்தல் வேண்டும். வேலை மிக எளியதாயின் சலிப்பு வருகிறது. மிகக் கடியதாயின் அச்சம் வருகிறது. இவ்விரண்டிற்கும் இடையிலேதான் மனம் ஒன்றுகிறது.

இம்மூன்றும் ஒருங்கே அமைந்ததை நம் ஒடுக்கப்பட்ட மக்களில் தோன்றிய ஒரு பெருவீரரின் வாழ்வில் காணலாம். பல்வங்கர் பாலூ என்னும் அப்பெருமகனார் 1876-இல் தார்வாரில் பிறந்தவர். தோல் தொழிலுக்கு உரியவர் என்று ஒதுக்கப்பட்ட சாதியைச் சார்ந்தவர். பூனாவில் ஆங்கிலேயர்களின் கிரிக்கெட் மன்றத்தில் அவர் சிறு சம்பளத்துக்குத் தரையைச் செப்பனிடும் வேலையில் இருந்தார். அங்கே அந்த ஆட்டக்காரர்களுக்குப் பயிற்சிக்காகப் பந்து வீசும் வேலையும் அவர்மேல் விழுந்தது. மட்டையைக் கையில் கொடுப்பார் அங்கே இல்லை. கிரெய்க் என்னும் தேர்ந்த ஆட்டக்காரர்க்கு அவர் நாள்தோறும் மணிக்கணக்கில் பந்து வீசினார். ஒவ்வொரு பந்தும் அவர்க்கு ஒரு பாடம். இப்படிச் சுழற்றினால் மட்டை தடுமாறுகிறது, அப்படி வீசினால் அடிபடுகிறது என்று உடனுக்குடன் விடை கிடைத்தது. ஏவப்பட்ட வேலைக்குள் தாமே ஒரு கலையைக் கண்டுபிடித்து, அதில் மனத்தை ஊன்றினார். 1911-இல் இந்திய அணி இங்கிலாந்து சென்றபொழுது, அப்பயணத்தில் 114 விக்கெட்டுகளை வீழ்த்தி அந்நாட்டாரையும் வியக்கச் செய்தார்.

ஆயின், இதே பாலூவுக்குப் பூனாவில் ஆட்ட இடைவேளையில் அரங்கின் வெளியே தனிக் குவளையில் தேநீர் கொடுத்தனர் என்பதையும் நாம் மறத்தலாகாது. இந்துக்கள் அணியின் தலைமைப் பொறுப்பு, தகுதி இருந்தும் அவர்க்குக் கிட்டவில்லை. அவர்தம் இளவல் விட்டலுக்கே 1923-இல் அது வந்து சேர்ந்தது. உழைப்பில் நிறைவு கண்டார் என்பதனால் இழைக்கப்பட்ட அநீதி நீதியாகிவிடாது. இங்கேதான் நாம் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக உணர்ந்துகொள்ள வேண்டும்.

தோழர்களே! 'உன் தொழிலை ஈடுபாட்டுடன் செய்; அதிலேயே இன்பம் காண்' என்னும் உபதேசம் நமக்குப் புதியதன்று. தலைமுறை தலைமுறையாக நம் முன்னோர்க்குக் கூறப்பட்டது அது. செத்த மாட்டைத் தூக்குவதும், மலம் அள்ளுவதும், ஊதியமின்றி வெட்டி வேலை செய்வதும் பிறப்பின் கடமை என்றும், அதை மனமாரச் செய்வதே அறம் என்றும் நம்மை நம்பவைக்க முயன்றனர். எனவே இன்று ஒருவர் வந்து, வேலையில் மூழ்குக, அதில் நிறைவு காண்க என்று கூறும்பொழுது, 'எந்த வேலையில்? யார் தேர்ந்தெடுத்த வேலையில்?' என்று கேட்கும் உரிமையும் கடமையும் நமக்கு உண்டு.

இவ்வினாவுக்கு விடையை அண்ணல் அம்பேத்கர் அவர்கள் 1936-இலேயே தந்துவிட்டார்கள். லாகூரில் ஜாத்-பாத்-தோடக் மண்டல் என்னும் அமைப்பு நடத்தவிருந்த மாநாட்டுக்கெனத் தலைமையுரை ஒன்றை அவர்கள் எழுதினார்கள். அதன் கருத்துகளை ஏற்க இயலாத அமைப்பினர் மாநாட்டையே கைவிட்டனர். அண்ணல் அவ்வுரையைத் தம் செலவில் அச்சிட்டு வெளியிட்டார்கள். அதுவே சாதி ஒழிப்பைப் பற்றிய புகழ்பெற்ற நூல். அதில் அவர்கள் சாதியைப் பொருளியல் நோக்கிலும் ஆராய்கிறார்கள். சாதி முறை வேலைகளைப் பிரிப்பதோடு நில்லாமல் வேலை செய்யும் மனிதர்களையே மேல் கீழாகப் பிரித்து வைக்கிறது. ஒருவனுடைய இயல்பான ஆற்றலையோ விருப்பத்தையோ பாராமல் பிறப்பைக் கொண்டே தொழிலை விதிக்கிறது. இதனால் தம் உள்ளமும் அறிவும் ஒட்டாத தொழிலில் கோடிக்கணக்கானோர் காலம் கழிக்கின்றனர். அத்தகைய சமுதாயத்தில் திறமை எங்ஙனம் வளரும் என்பது அவர்களுடைய வாதத்தின் சாரம். வேலையில் மனம் ஒன்றுதலைச் சாதி எவ்வாறு கெடுக்கிறது என்பதை இதனினும் தெளிவாக விளக்கிவிட முடியாது.

ஆகவே, அன்பிற்குரிய இளைஞர்களே, சில வேலைகள் விரும்பிச் செய்யப்பட வேண்டியவை. சில வேலைகள் அடியோடு ஒழிக்கப்பட வேண்டியவை. கையால் மலம் அள்ளும் கொடுமையைத் தடைசெய்ய 1993-இல் ஒரு சட்டமும், பின்னர் 2013-இல் விரிவான மற்றொரு சட்டமும் இயற்றப்பட்டன. அதன் பின்னரும் சாக்கடைக் குழியில் நச்சுக்காற்றால் நம்மவர் மாண்டுபோகின்றனர். அந்தக் குழியின் விளிம்பில் நின்றுகொண்டு, செய்யும் தொழிலே தெய்வம் என்று எவரும் உபதேசம் செய்ய வேண்டா. அங்கே நமக்கு வேண்டுவது இயந்திரமும், மாற்றுத் தொழிலும், குற்றவாளிக்குத் தண்டனையும் ஆகும். நான் இன்று போற்றுவது, நாமே தேர்ந்தெடுத்த, நம் அறிவை வளர்க்கின்ற உழைப்பில் மனம் ஒன்றுவதையே ஆகும். அவ்வாறு மனம் ஒன்றுவதற்கு வேண்டிய இடமும் விளக்கும் அமைதியும் காலமும் நமக்கு நெடுங்காலம் மறுக்கப்பட்டவை. எனவே, ஒரு சேரிப் பிள்ளை ஒரு மணி நேரம் இடையூறின்றி ஒரு நூலில் ஆழ்ந்திருப்பது, இழந்த உடைமையொன்றை மீட்பதாகும்.

அந்த மீட்பை அண்ணல் அம்பேத்கரைப் போல் நடத்திக் காட்டியவர் அரியர். பம்பாயில் பரேல் பகுதியில், தொழிலாளர் குடியிருப்பின் ஒற்றை அறையில் அவர்கள் குடும்பம் வாழ்ந்தது. சமைப்பதும் உறங்குவதும் படிப்பதும் அந்த ஓர் அறையிலேதான். பகலின் இரைச்சலில் படிக்க இயலாது. ஆகவே மகன் முன்னிரவில் உறங்குவார். தந்தை ராம்ஜி சக்பால் விழித்திருந்து, இரவு இரண்டு மணி அளவில் மகனை எழுப்பிவிட்டுத் தாம் உறங்கச் செல்வார். மங்கிய விளக்கொளியில் அந்தச் சிறுவர் விடியும் வரை படிப்பார். ஒரு பிள்ளைக்கு அமைதியான நேரம் வாய்க்கத் தந்தை தம் உறக்கத்தைக் கொடுத்தார் என்பதைப் பெற்றோர்கள் சிந்திக்க வேண்டும். பள்ளியில் வடமொழி கற்க விரும்பினார், தீண்டத்தகாதவர் என்று கூறி மறுத்துவிட்டனர், பாரசீகம் கற்றார். பிற்காலத்தில் வடமொழியைத் தம் முயற்சியாலேயே கற்று, அந்நூல்களை ஆராய்ந்து அவற்றுக்கு மறுப்பும் எழுதினார்.

1913-இல் பரோடா மன்னரின் உதவித்தொகையில் அமெரிக்கா சென்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயின்றார். 1916-இல் இலண்டன் சென்று ஆராய்ச்சியைத் தொடங்கினார். 1917-இல் உதவித்தொகைக் காலம் முடிந்தமையால் பாதியிலே நிறுத்தித் தாயகம் திரும்ப நேர்ந்தது. நான்கு ஆண்டுகளுக்குள் மீண்டும் வந்து தொடரலாம் என்னும் இசைவை மட்டும் பெற்றுக்கொண்டு வந்தார். பரோடாவில் பணியேற்றபொழுது தங்குவதற்கு ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை, புகலிடத்தினின்றும் விரட்டப்பட்டார். பின் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராகி, ஊதியத்தில் மிச்சம் பிடித்து, கோலாப்பூர் ஷாகு மகாராஜாவின் உதவியும் நண்பர் நவல் பத்தேனா தந்த கடனும் சேர்த்துக்கொண்டு, 1920-இல் மீண்டும் இலண்டன் சென்றார். விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். அரும்பொருட்காட்சியகத்தின் வாசகசாலை திறக்கும்பொழுது உள்ளே புகுந்து, அடைக்கும்பொழுது வெளியே வருவார். உணவுக்கான பணத்தையும் சுருக்கினார்.

1922-இல் ரூபாயின் சிக்கலைப் பற்றிய ஆய்வை அளித்தார். அதைத் திருத்தி எழுதுமாறு தேர்வாளர்கள் கூறினர். பணம் தீர்ந்துவிட்டமையால் 1923-இல் பம்பாய் திரும்பி, அங்கிருந்தே திருத்தி அனுப்பினார். அவ்வாண்டிலேயே அவர்க்கு டி.எஸ்சி. பட்டம் கிடைத்தது. நண்பர்களே! மனத்தை ஒருமுகப்படுத்துதல் என்றால் ஒரு மணி நேரம் அசையாமல் அமர்ந்திருப்பது மட்டும் அன்று. வறுமையும் அவமதிப்பும் வேலையை இடையில் அறுத்துவிடும்பொழுது, அறுந்த இழையை எடுத்து முடிச்சிட்டு மீண்டும் நெய்வதும் அதுவே. நம் பிள்ளைகளில் பலர்க்குப் படிப்பு இடையில் அறுபடுகிறது. தந்தை நோயுறுகிறார், கூலிக்குப் போக நேர்கிறது, ஓராண்டு வீணாகிறது. அத்தகையோர் எல்லாம் முடிந்துவிட்டதென்று எண்ணாமல், இந்த 1917-க்கும் 1920-க்கும் இடைப்பட்ட ஆண்டுகளை நினைவில் கொள்ள வேண்டும்.

அவ்வாறு வளர்த்த ஆற்றலே பின்னர் நாட்டுக்குப் பயன்பட்டது. 1947 ஆகஸ்டு 29-இல் அரசியலமைப்பு வரைவுக் குழு அமைக்கப்பட்டு, அண்ணல் அதன் தலைவரானார். குழுவினர் எழுவர். அவர்களுள் ஒருவர் விலகினார், ஒருவர் காலமானார், ஒருவர் அமெரிக்காவில் இருந்தார், மற்றவர்களும் பல காரணங்களால் முழுமையாகப் பங்கேற்க இயலவில்லை; ஆகவே சுமை முழுவதும் இறுதியில் டாக்டர் அம்பேத்கர் மீதே விழுந்தது என்று 1948 நவம்பரில் அரசியல் நிருணய சபையிலேயே டி.டி.கிருஷ்ணமாச்சாரி எடுத்துரைத்தார். உடல்நலம் குன்றிய நிலையிலும் அப்பணியை அவர்கள் முடித்தார்கள். 1949 நவம்பர் 26-இல் ஏற்கப்பட்ட சட்டத்தில் 395 பிரிவுகள் இருந்தன. நூலறையில் மூழ்கியதனால் அவர்கள் மக்கள் போராட்டத்தை மறந்ததுமில்லை. 1927-இல் மகாத் நகரின் சவுதார் குளத்து நீரை அள்ளிப் பருகி உரிமையை நிலைநாட்டியவரும் அவரே. படிப்பு ஒரு பக்கம், போராட்டம் மறுபக்கம் என்று பிரித்துப் பேசுவோர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

தமிழகத்திலும் நமக்கு முன்னோடிகள் உண்டு. அயோத்திதாசப் பண்டிதர் சித்த மருத்துவர். அவர் 1907 சூன் 19-இல் சென்னை இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் வார இதழைத் தொடங்கினார். பின்னர் அது 'தமிழன்' ஆயிற்று. 1914-இல் தாம் மறையும் வரை ஏறத்தாழ ஏழாண்டுகள் அதனை நடத்தினார். வாரந்தோறும் ஓர் இதழ் என்றால், அதன் பின்னே எத்துணை ஓலைச் சுவடிகளைப் புரட்டியிருக்க வேண்டும், எத்துணை இரவுகள் எழுதியிருக்க வேண்டும்! நம் மக்களின் வரலாற்றைத் தேடும் அந்த ஒரே நோக்கில் அவர் மனம் ஊன்றி நின்றது. பல்லாண்டுகள் மறைக்கப்பட்டுக் கிடந்த அவ்வெழுத்துகள் 1999 முதல் பெருந்தொகுதிகளாக வெளிவந்து, இன்று அறிஞர் உலகம் அவரை வணங்குகிறது. மனம் ஒன்றிச் செய்த வேலை நூறாண்டு கழித்தும் நின்று பேசும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

இனி, இவ்வாற்றலை நாள்தோறும் எவ்வாறு வளர்ப்பது என்பதைச் சுருக்கமாகக் கூறுகின்றேன்.

முதலாவது, ஒரு நேரத்தில் ஒரு வேலை. ஒரு வேலையை முடிக்காமல் இன்னொன்றுக்குத் தாவினால், மனத்தின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறது. புதிய வேலை அதனால் கெடுகிறது. சோஃபி லெராய் என்னும் ஆய்வாளர் 2009-இல் இதனைச் சோதனைகளால் காட்டினார். இன்றைய இளைஞர்களின் கையில் உள்ள கைப்பேசி இத்தாவலை நிமிடத்துக்கு ஒருமுறை செய்விக்கிறது. அது பயனுள்ள கருவியே. ஆனால் படிக்கும் அந்த ஒரு மணி நேரம் அதனை அணைத்துத் தாயிடம் கொடுத்துவிடுங்கள்.

இரண்டாவது, அமர்வதற்கு முன் இன்றைக்கு இன்ன கணக்கு, இன்ன பாடம் என்று தாளில் எழுதிக்கொள்ளுங்கள். 'படிக்கப் போகிறேன்' என்பது நோக்கமாகாது. 'இந்த ஐந்து கணக்குகளைப் போடப் போகிறேன்' என்பதே நோக்கம்.

மூன்றாவது, படித்ததையே திரும்பத் திரும்பப் படிப்பதை விட, நூலை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பாருங்கள். ரோடிகர், கார்ப்பிக்கி என்னும் இரு அறிஞர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், மீண்டும் மீண்டும் படித்தவர்கள் சில நிமிடங்களில் வைத்த சோதனையில் முந்தினர். ஒரு வாரம் கழித்து வைத்த சோதனையிலோ, நினைவுகூர்ந்து எழுதிப் பழகியவர்களே முந்தினர். செய்தது சரியா என்பதை உடனே காட்டும் வழியும் இதுவே. பாலூவுக்கு ஒவ்வொரு பந்தும் விடை சொன்னதுபோல, நீங்கள் எழுதிய தாள் உங்களுக்கு விடை சொல்லும்.

நான்காவது, நேற்று முடிந்ததைக் காட்டிலும் ஒரு படி கடினமானதை இன்று எடுங்கள். ஒரே தாவலில் பத்துப் படி ஏற முயன்று, 'நமக்கு வராது' என்று சோர்ந்துவிட வேண்டா. 'உங்களுக்குக் கணக்கு வராது' என்று நம் பிள்ளைகளிடம் கூறுவோர் இன்னும் இருக்கின்றனர். வகுப்பறையில் கேட்ட அந்தச் சொல்லே வீட்டில் வந்து கவனத்தைத் திருடுகிறது. அதற்குத் தீர்ந்த ஒரு கணக்கை விட நல்ல மறுமொழி இல்லை.

இவையெல்லாம் மாணவர் செய்ய வேண்டியவை. பெரியோர்களே! நம் கடமை ஒன்று உண்டு. ஒற்றை அறை வீட்டில், தொலைக்காட்சி ஓடும்பொழுது, மனத்தை அடக்கிப் படி என்று பிள்ளையை மட்டும் கடிந்துகொள்வது நியாயமாகாது. குறிப்பாகத் தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். மகன் படித்தால் அரவமின்றி நடக்கிறோம். மகள் படித்தால் தண்ணீருக்கும் கடைக்கும் தம்பியைத் தூக்குவதற்கும் அழைக்கிறோம். கால் மணிக்கு ஒருமுறை எழுந்து போகும் பெண்ணின் மனம் எங்ஙனம் ஒன்றும்? நாளும் ஒரு மணி நேரமாவது அவளை எவரும் அழைக்கலாகாது என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கட்டுப்பாடு ஏற்படட்டும்.

கழகத்தார்க்கும் ஒரு கோரிக்கை வைக்கின்றேன். வெள்ளி விழாவின் நினைவாகத் தோரண வாயில் எழுப்பலாம், கல்வெட்டும் பதிக்கலாம். ஆயின் அவற்றுக்கு முன்னே, நம் குடியிருப்பின் நடுவே ஓர் அமைதிப் படிப்பறை அமையட்டும். பத்து மேசைகள், பத்து விளக்குகள், ஓர் அகராதி, பாடநூல்கள், இரைச்சலைத் தடுக்கும் ஒரு கதவு ஆகியவை போதும். மாலை ஆறு முதல் இரவு பத்து வரை அது திறந்திருக்கட்டும். பெண் பிள்ளைகள் அச்சமின்றி வந்து செல்லப் பெரியவர்கள் முறைவைத்துத் துணையிருக்கட்டும். அன்று ராம்ஜி சக்பால் தம் ஒரு மகனுக்காக விழித்திருந்தார். இன்று நம் பிள்ளைகள் அனைவர்க்காகவும் முறைவைத்து விழித்திருக்க இத்தனை பேர் இங்கே இருக்கிறோம்.

இளைஞர்களே! வேலையில் மனம் ஒன்றியவர்க்குக் கிடைக்கும் நிறைவு, பதவியோ பாராட்டோ வருமுன்னரே கிடைத்துவிடுவது. எவரும் தடுக்கவும் பறிக்கவும் இயலாதது. அந்த நிறைவை முதலில் சுவையுங்கள். பின்னர் உங்களுக்கு உரிய பதவியையும் பாராட்டையும் சற்றும் விட்டுக்கொடாமல் கேட்டுப் பெறுங்கள். இரண்டும் உங்களுக்கு உரியவையே.